பதினொரு மணிக்குப் பதிவான பரித்தோன்

இதைக் கேட்போர் முதலில் அறிந்துகொள்ள வேண்டியவை சில உள. அவற்றை இப்போதே முறையாகச் சொல்லிவிடுகிறேன். பின்னால் வெட்கத்தில் நான் சொற்களை விழுங்க நேரும். அப்போது விளக்கம் கேட்டால் என்னால் தர இயலாது.

பெரிய வெள்ளியன்று ஆண்டவரின் பாடுகளை, அதாவது அவர் பட்ட துன்பங்களின் வரலாற்றை, கோயிலில் வாசிப்பார்கள். பழைய முறைப்படி அதை வாசிப்பதில்லை, பாடுவார்கள். மூவர் பாடுவர். நிகழ்ச்சிகளைச் சொல்லிச் செல்பவர் உரையாளர். ஆண்டவர் பேசும் இடங்களைத் தாழ்ந்த குரலுடையவர் பாடுவார். சேவல் கூவுமுன் மூன்று முறை மறுதலித்த சீடர், கைகழுவிய ஆளுநர், கேள்வி கேட்ட பணிப்பெண், கூச்சலிட்ட கூட்டம் ஆகிய மற்ற அனைவரையும் உயர்ந்த குரலுடைய ஒருவரே பாடித் தீர்ப்பார். சுருங்கச் சொன்னால், குரல் இறங்க இறங்கப் புனிதம் ஏறும்.

அந்தத் தாழ்ந்த குரலுக்குப் பிரெஞ்சுக்காரர் இட்ட பெயர் பரித்தோன். நிலவறையில் உறுமும் பாஸ் குரலுக்கு மேலே, கூரையில் நிற்கும் தெனோர் குரலுக்குக் கீழே, நடுமாடியில் குடியிருக்கும் ஆண்குரல் அது.

என் குரல் ஒருநாளும் நடுமாடியில் குடியிருந்ததில்லை. புதுச்சேரியில் அது எனக்குப் பெருமையாக இருந்தது. 'அந்துவான் நாலரைக் கட்டையில் பாடுகிறான்' என்று மெச்சினார்கள். திருவிழாவில் ஒலிபெருக்கி பழுதானால் என்னை அழைத்தார்கள். நம் திரைப்படங்களிலும் கதாநாயகன் மலையுச்சிக்கு ஏறுவான். அவன் பாட்டு அவனுக்கும் மேலே ஏறும். தாழ்ந்த குரலை வில்லனுக்கும் பெண்ணின் தகப்பனுக்கும் ஒதுக்கிவிட்டோம். பாரிசில் நிலைமை வேறு. அலுவலகத்தில் நான் தொலைபேசியை எடுத்து 'அலோ' என்றால், மறுமுனை மிகுந்த மரியாதையுடன் 'வணக்கம், மதாம்' என்கிறது. பதினாறு ஆண்டுகளாக நான் பிரெஞ்சு அரசின் பணியில் ஒரு மதாமாக இருந்து வந்தேன்.

இன்னும் ஒன்று. என் மனைவி சவரியம்மாள் திருமணத்துக்கு முன் கன்னியர் மடத்துப் பள்ளியில் பாடியவள். 'ஒரு வீட்டுக்கு ஒரு பாடகர் போதும்' என்று, மணமான வாரமே நான் தீர்ப்பளித்தேன். அவள் மறுத்துப் பேசவில்லை. மறுத்துப் பேசாத பெண்களைப் பற்றி எனக்கு அப்போது போதிய அறிவு இல்லை.

இனி 1986ஆம் ஆண்டுத் தவக்காலத்துக்கு வருகிறேன்.

பாரிசின் லா சப்பேல் பகுதியில் மாதம் ஒருமுறை தமிழில் திருப்பலி நடக்கும். எங்கள் பாடகர் குழுவைப் பழக்கியவர் ழாக் என்னும் பிரெஞ்சுக்காரர். ஓய்வுபெற்ற ஆர்கன் கலைஞர். தமிழ் அறியார். ஆனால் குழாயில் தண்ணீர் சொட்டினால் அது எந்தச் சுரத்தில் சொட்டுகிறது என்பதை அறிவார். அந்த ஆண்டு பாடுகளை முதன்முறையாகத் தமிழில் பாடுவது என்று முடிவாயிற்று. அந்த வாரமே ழாக்குக்கு முதுகு பிடித்துக்கொண்டது. புறநகரான சென் தெனியில் தம் வீட்டுக் கட்டிலில் படுத்தபடியே செய்தி அனுப்பினார்: ஆண்டவரின் பகுதியைப் பாட விரும்புவோர் கேசட்டில் பாடி அனுப்புக.

விரும்பியவர் இருவர். ஒருவர் என் மனைவியின் அண்ணன் லாசர். பியர்ஃபித்தில் குடியிருப்பவர். அவர் மின்தூக்கியில் ஏறி 'போன்ழூர்' என்றால், மின்தூக்கி தானாகக் கீழே இறங்கும், அத்தகைய குரல். மற்றவன் நான்.

"மாப்ளே, நீயுமா?" என்றார் லாசர், கோயில் வாசலில்.

"ஏன் மச்சான், நான் பாடக் கூடாதா?"

"தாராளமாப் பாடு. ஆனா ஆண்டவர் பேசினப்ப பக்கத்துல இருந்த கண்ணாடியெல்லாம் ஒடஞ்சிச்சின்னு யாரும் எழுதி வெக்கலையே."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர்களுள் சவரியம்மாள் இல்லை. அவள் கைப்பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். அந்தக் கணத்தில் நான் உறுதி பூண்டேன்: இரண்டு வாரத்தில் பரித்தோன் ஆவேன்.

மறுநாள் காலையிலேயே தொடங்கினேன்.

"என்னங்க, தொண்டையில என்ன?" என்றாள் சவரியம்மாள்.

"ஒண்ணுமில்ல," என்றேன், அடிவயிற்றிலிருந்து.

"ஜுரமா?"

"இல்ல. இனிமே இதான் என் கொரல்."

"பழசை என்ன பண்ணப் போறீங்க?"

நான் அலுவலகத்துக்குப் புறப்பட்டேன். அங்கே அதே குரலில் வணக்கம் சொன்னேன். மேலதிகாரி எழுந்து வந்து என் தோளைத் தொட்டு, இறந்தவர் யார் என்று கேட்டார். அரை நாள் விடுப்பும் தந்தார். அந்த அரை நாளில் ஓர் உண்மையைக் கண்டுபிடித்தேன். சோற்றுப்பானைக்குள் தலையை விட்டுப் பாடினால் குரல் ஆழமாக ஒலிக்கிறது.

"ஏங்க, ஒல கொதிக்க வெக்கணும்."

"பொறு," என்றது பானை.

"கோயிலுக்கும் இதோடதான் போகப் போறீங்களா? அப்ப நான் வேற பானை வாங்கிக்கிறேன்."

தலையை வெளியே எடுத்தேன். குரலும் உடன் வெளியே வந்து, கூரைக்கு ஏறி, தன் பழைய இடத்தில் அமர்ந்துகொண்டது.

தோல்வியுற்றவன் கடைத்தெருவுக்குப் போவான். எங்கள் தெருமுனையில் ஞானசுந்தரம் என்ற யாழ்ப்பாணத்தவர் பலசரக்குக் கடை வைத்திருந்தார். மிளகாய்த்தூளோடு கேசட்டும் விற்பார். கேட்டால் பிரதியும் எடுத்துத் தருவார். அன்று அரிசி மூட்டையின் மேல் இருந்த சிறிய கேசட் பெட்டி ஒரு திரைப்பாட்டைப் பாடிக்கொண்டிருந்தது. எவ்வளவு கம்பீரமான ஆண்குரல். நான் நின்றுவிட்டேன்.

"பாடுறது யாருங்க?"

"உது பொம்பிளை பாடின பாட்டண்ணை," என்றார் ஞானசுந்தரம். "பற்றறி இறங்கிப் போச்சு. அதுதான் இழுத்து இழுத்துப் பாடுறா."

"பேட்டரி எறங்கினா கொரலும் எறங்குமா?"

"ஓம். சுத்துறது மெதுவாகும், குரலும் கீழை போகும். இன்னும் அரை மணித்தியாலம் விட்டியளெண்டால் உவ கிழவனாப் போவா."

பாவம் ஓர் எண்ணமாகத்தான் முதலில் வருகிறது என்று மறைக்கல்வியில் படித்திருக்கிறேன். அது அரிசி மூட்டையின் மேல் அமர்ந்து வரும் என்று படித்ததில்லை.

"உங்ககிட்ட பழைய பேட்டரி இருக்குமா?" என்றேன்.

"பழசோ? எல்லாச் சனமும் புதுசெல்லோ கேக்கிறது."

"பழசாதான் வேணும். ஆனா முழுசா செத்திருக்கக் கூடாது."

ஞானசுந்தரம் மேசை இழுப்பறையைத் திறந்தார். "சாகக் கிடக்கிறதாப் பாத்து எடுத்துத் தரட்டோ?"

"ஓம்," என்றேன், நன்றி மிகுதியில் யாழ்ப்பாணத்தவனாகி.

அந்த நான்கு மின்கலங்களைச் சவரியம்மாள் மறுநாள் என் மேலங்கிப் பையில் கண்டெடுத்தாள்.

"இது என்னங்க?"

"பேட்டரி."

"புதுசா?"

"பழசு. தூக்கிப் போடணும்."

"தூக்கிப் போடறதுக்கா வாங்கியாந்தீங்க?" ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள், மீண்டும் பையிலேயே வைத்தாள். "கேசட்டுல எப்பப் பாடப் போறீங்க?"

"சனிக்கெழம."

"காலையில பதினொண்ணுக்குப் பாடுங்க. மேல் வீட்டு ஜிஸ்லேன் அப்பதான் நாயைக் கூட்டிக்கிட்டு வெளியே போவாங்க. வீடு அமைதியா இருக்கும்."

அவளுடைய அக்கறையை எண்ணி நெகிழ்ந்தேன். அந்த நெகிழ்ச்சியை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

சனிக்கிழமை கேசட் பெட்டியைச் சுவர் மின்சாரத்தில் இணைத்து, கண்ணை மூடி, ஒரு காதில் விரலை விட்டு, ஆண்டவரின் பகுதி முழுவதையும் என் நாலரைக் கட்டையில் பாடிப் பதிந்தேன். பிற்பகல் பெட்டியைச் சுமந்துகொண்டு ஞானசுந்தரம் கடைக்குப் போனேன். சாகக் கிடந்த மின்கலங்களை அதனுள் இட்டு, அவருடைய பெரிய பெட்டியுடன் கம்பியால் இணைத்து, புதிய கேசட்டில் பிரதி எடுத்தோம். பாட்டு மெல்ல இறங்கி, நடுமாடியில் காலை ஊன்றியது. ஐந்து நிமிடத்துப் பாட்டு ஆறு நிமிடமாக நீண்டது. தவக்காலத்துக்கு அந்த நிதானம் பொருத்தமாகவே இருந்தது.

"இது ஆரண்ணை?" என்றார் ஞானசுந்தரம்.

"நான்தான்."

"இந்தக் குரலிலை வந்து கேட்டிருந்தியளெண்டால், நான் நல்ல பற்றறியே தந்திருப்பன்."

இதுவரை நிகழ்ந்தது அறிவின்மை. இனி நிகழ்ந்ததுதான் குற்றம்.

ஞாயிறு பகலுணவின்போது சவரியம்மாள் கேட்டாள்: "இந்தக் கேசட்டுல இருக்கறது நீங்க பாடினதுதானா?"

"நானேதான்."

திங்கட்கிழமை நான் காலணி அணிகையில் கேட்டாள்: "கொரலும் உங்களோடதுதானா?"

"பின்ன யாரோடது?"

செவ்வாய்க்கிழமை அவள் சென் தெனிச் சந்தைக்குப் புறப்பட்டாள். கேசட்டை அப்படியே ழாக் வீட்டில் கொடுத்துவிடுவதாக ஏற்பாடு. கைப்பையில் அதை வைத்துக்கொண்டு, கதவருகே நின்று கேட்டாள்: "ஒரு மாத்தமும் பண்ணலையே?"

"ஒண்ணுமே பண்ணலம்மா. போய்ட்டு வா."

மூன்று முறை. எங்கள் வீட்டில் சேவல் இல்லை. ஆகவே எதுவும் கூவவில்லை.

இரண்டாம் வாரம் ழாக் கைத்தடியுடன் ஒத்திகைக்கு வந்தார். பாடகர் பன்னிருவரும் கூடியிருந்தோம். நான் கழுத்தில் கம்பளித் துணியைச் சுற்றியிருந்தேன். பாடச் சொன்னால் இருமுவதற்குப் பயிற்சியும் செய்திருந்தேன். வழக்கத்துக்கு மாறாகச் சவரியம்மாளும் வந்து, காப்பிக் குடுவையுடன் பின்வரிசையில் அமர்ந்திருந்தாள்.

ழாக் கேசட் பெட்டியை மேசைமேல் வைத்து என்னைப் பார்த்தார்.

"முசியே அந்துவான், உங்கள் வீட்டில் கடிகாரம் உண்டா?"

"உண்டு."

"மணி அடிக்குமா?"

"அடிக்கும்."

"அதுவும் பரித்தோனா?"

எனக்கு விளங்கவில்லை. பிரெஞ்சு அறியாத மூதாட்டியர் சிலருக்காக லாசர் தம் குரலில் மொழிபெயர்த்தார்: "மாப்ளே வீட்டுக் கடியாரத்துக்கும் தடிச்ச கொரலான்னு கேக்குறாரு."

ழாக் பொத்தானை அழுத்தினார். என் தாழ்ந்த குரல் எழுந்தது. பின்வரிசையில் ஒருவர் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டார். அப்போது என் குரலுக்குப் பின்னால் ஒன்று ஒலித்தது. டோ...ங். கனமாக, இழவு வீட்டுக்குச் சொல்லியனுப்புவது போல. டோ...ங். பதினொரு முறை. வீட்டிலும் கடையிலும் அந்தப் பாட்டை எத்தனையோ முறை கேட்டிருந்தேன். மணியை ஒருமுறையும் கேட்டதில்லை. தன் குரலைக் கேட்கும் மனிதன் வேறெதையும் கேட்பதில்லை.

"பெட்டி பழுதோ என்று ஐயுற்றேன்," என்றார் ழாக். "அதனால் கேசட்டைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன்."

"மறுபக்கத்தில் ஒன்றும் இல்லையே," என்றேன்.

அவர் திருப்பிப் போட்டார்.

ஒரு பெண் பாடினாள். உரையாளரின் பகுதி. குரல் உயரவும் இல்லை, தாழவும் இல்லை; ஒவ்வொரு சொல்லும் தன் இடமறிந்து வந்து நின்றது. நான்கு வரி முடிவதற்குள் பின்னால் கடிகாரம் அடித்தது. டிங். டிங். பதினொரு முறை, தெளிவாக, எங்கள் கூடத்தில் நாள்தோறும் அடிப்பது போலவே.

"அதே கடிகாரம்," என்றார் ழாக். "ஆனால் ஒன்றரைப் படி மேலே. இவ்வகைக் கடிகாரம் என்னிடமும் உண்டு. பெண் பாடிய பக்கமே மெய்."

"இது என் தங்கச்சி கொரலு," என்றார் லாசர்.

பன்னிரண்டு தலைகளும் பின்னால் திரும்பின. சவரியம்மாள் குடுவையின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

ழாக் என்னைப் பாடச் சொன்னார். பயின்று வைத்திருந்த இருமல் உரிய நேரத்தில் வரவில்லை. துணியை அவிழ்த்துவிட்டு, என் குரலில் நான்கு வரி பாடினேன். எவரும் சிரிக்கவில்லை. எவரேனும் சிரித்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். ஆண்டவரின் வாய்மொழிகளைப் பாடுவதற்காகப் பொய்யை உறையிலிட்டு அனுப்பியவன் நான் என்பது அந்த அமைதியில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக விளங்கிக்கொண்டிருந்தது. லாசர்கூட என் கண்ணைப் பார்க்காமல் தம் பாட்டுத்தாளை மடித்தார்.

வீட்டுக்கு நடந்து திரும்பினோம். தலைக்கு மேல் பாலத்தில் மெத்ரோ ரயில் கடந்து போகும்வரை காத்திருந்து கேட்டேன்.

"பதினொண்ணுக்குப் பாடச் சொன்னது நீதானே?"

"ஆமா."

"கடியாரம் அடிக்குமின்னு தெரியுமா?"

"நாம இந்த வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து அடிக்குதுங்க."

"நான் பண்ணப் போறது ஒனக்கு எப்படித் தெரியும்?"

"சாகக் கெடக்குற பேட்டரி வேணுமின்னு கேட்டா, ஞானசுந்தரம் தம்பி நாலு பேருகிட்ட சொல்லாம எப்படி இருக்கும்? மல்லித்தூள் வாங்கப் போனேன். அக்கா, அண்ணைக்கு என்ன வருத்தமெண்டு கேட்டாரு. பேட்டரி எறங்கினா கொரலும் எறங்குமின்னு அவருதான் சொன்னாரு."

"அப்பவே தடுத்திருக்கலாமில்ல?"

"மூணு நாள் கேட்டேன். மூணு நாளும் ஒரே பதில் சொன்னீங்க."

தோற்றவன் பேசாமல் இருப்பதில்லை.

"ஒனக்குப் பாட ஆசைன்னா தனியா ஒரு கேசட்டு அனுப்பியிருக்கலாமே."

"பொம்பளைங்க கேசட்டு யாரு கேட்டா? அனுப்பியிருந்தா ஓரமா வெச்சிருப்பாரு. அதான் திங்கக்கெழம நீங்க ஆபீசுக்குப் போனப்புறம், அதே பதினொண்ணுக்கு உங்க கேசட்டுப் பின்பக்கத்துல பாடினேன். உங்களுது கோணலா இருந்தாதான் அவரு திருப்பிப் போட்டுப் பாப்பாரு. நேரா இருந்திருந்தா, என் பக்கத்தை யாருங்க கேக்கப் போறாங்க?"

நான் நின்றுவிட்டேன். "நான் உண்மையைச் சொல்லியிருந்தா?"

அவள் நிற்கவில்லை, சற்று முன்னால் போய்த்தான் விடை சொன்னாள். "சொல்லியிருந்தா அன்னிக்கே அதைக் குப்பையில போட்டுட்டு, பதினெட்டு வருஷம் இருந்த மாதிரியே இருந்திருப்பேன்."

அவள் என்னை வென்றது எனக்கு வலிக்கவில்லை. நான் மெய் சொல்லியிருந்தால் அவள் தோற்றிருப்பாள் என்பதும், மூன்று நாளும் அதற்கு அவள் ஆயத்தமாக இருந்தாள் என்பதுமே வலித்தன. பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் அந்தத் தீர்ப்பை எந்தக் கட்டையில் சொன்னேன் என்று நினைவுக்குக் கொண்டுவர முயன்றேன். நல்ல வேளையாக அதைப் பதிவு செய்தார் எவருமில்லை.

அந்தச் சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குச் சென்றேன். என்னால் இயன்ற அளவு தாழ்ந்த குரலில் குற்றத்தைச் சொன்னேன். 'காதில் விழவில்லை, சற்று உரக்கச் சொல்லுங்கள்' என்றார் சாமியார். உரக்கச் சொன்னேன். என் இயற்கைக் குரலில் உரக்கச் சொன்னால் எவ்வளவு தொலைவு கேட்கும் என்பதை முன்பே கூறியிருக்கிறேன். வெளியே வந்தபோது, வரிசையில் நின்ற எழுவரும் தத்தம் காலணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இதன்பின் உறுதியான செய்திகள் வருமாறு:

ஆண்டவரின் பகுதி லாசருக்கு அளிக்கப்பட்டது. பெரிய வெள்ளியன்று அவர் பாடியபோது, முன்வரிசை நாற்காலிகள் அதிர்ந்ததை நானே கண்டேன். பாராட்டினேன், பொறாமை இருந்தது, அதையும் சாமியாரிடம் சொல்லிவிட்டேன்.

உரையாளர் பகுதி சவரியம்மாளுக்கு அளிக்கப்பட்டது. மூன்றினுள் மிக நீண்டது அதுவே. ஒரு சொல்லும் தவறவில்லை. வில்லியே லே பெல்லிலிருந்து பேருந்து பிடித்து வந்தவர்கள், இவ்வளவு காலம் இந்த அம்மாள் எங்கே இருந்தார் என்று என்னிடமே கேட்டார்கள். வீட்டில் என்றேன்.

உயர்குரல் பகுதி எனக்கு வந்தது. மறுதலித்த சீடரின் மூன்று விடைகளுக்கு எனக்கு ஒத்திகை தேவையில்லை என்று ழாக் கருதினார்.

ஞானசுந்தரம் கடையில், சாகக் கிடக்கும் மின்கலங்களுக்கென்று தனிப்பெட்டி ஒன்று வைக்கப்பட்டது. அதற்கு இதுவரை வேறு வாடிக்கையாளர் எவரும் வரவில்லை.

இறுதியாக, அடுத்துப் பேசப்போவது யார் என்று உரையாளர் பாடி முடித்து, என்னைத் திரும்பிப் பார்த்த பிறகே நான் வாய் திறக்க வேண்டும் என்று ழாக் ஒரு விதி செய்திருந்தார். அவ்விதி பெரிய வெள்ளியோடு முடிவடையும் என்று நான் கருதியது தவறு.